கட்டியை எடுத்த பிறகு புற்றுநோய் என்று வந்தால், அடுத்த ஆபரேஷனை யார் செய்வது?

வந்த கடிதம், சுருக்கமாக

எழுதியவர் 23 வயதுப் பெண், இன்னும் மணமாகவில்லை. பெயரும் ஊரும் வெளியே தெரிய வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். வலது தொடையின் பின்பக்கம், முழங்காலுக்குச் சற்று மேலே இரண்டு வருடமாக ஒரு கட்டி. மெதுவாக வளர்ந்து ஏறத்தாழ 4 செ.மீ. ஆகி, நாற்காலியில் உட்கார்ந்தால் உறுத்த ஆரம்பித்திருக்கிறது. கொழுப்புக் கட்டிதான் என்று சொல்லி, ஸ்கேன் எதுவும் எடுக்காமல், மரத்துப்போக ஊசி போட்டு அகற்றி, அன்றே வீட்டுக்கும் அனுப்பிவிட்டார்கள். பத்து நாள் கழித்து வந்த பயாப்சி ரிப்போர்ட்டில் 'சைனோவியல் சார்கோமா, வெட்டிய விளிம்பு வரை புற்றணுக்கள் உள்ளன' என்று இருக்கிறது. கட்டியை எடுத்த மருத்துவர், அடுத்த வாரமே அதே இடத்தைத் திறந்து சுற்றிலும் சுத்தம் செய்துவிடலாம் என்கிறார். சித்தப்பா, கத்தி பட்டதால்தான் இவ்வளவும், இனி அதில் கையே வைக்கக் கூடாது என்கிறார். அப்பா இரண்டு பேர் சொல்வதையும் கேட்டுவிட்டுப் பேசாமல் இருக்கிறார். சார்கோமாவை, அதாவது தசை, கொழுப்பு மாதிரியான மென்திசுக்களில் வரும் புற்றுநோயை, வழக்கமாகப் பார்க்கும் மையம் ஓர் இரவுப் பயணத் தூரத்தில் இருக்கிறது, அங்கே முதல் தேதி கிடைக்க இரண்டு மூன்று வாரம் ஆகுமாம். வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம்தான் ஆகிறது. காலை எடுத்துவிடுவார்களா, பின்னாளில் குழந்தை பிறக்குமா, உறவினர் ஒருவர் அனுப்பிய செய்தியில் இருக்கும் 'செல் சிகிச்சை' தனக்கு உதவுமா என்றும் கேட்டிருக்கிறார். கடிதத்தின் நடுவே இப்படி ஒரு வரி: "இரண்டு வருஷம் சும்மா இருந்தது என் தப்புதானே? இப்போது இன்னும் மூன்று வாரம் காத்திருந்தால் அதுவும் தப்பாகிவிடாதா?"

பதில்

முதலில் அடுத்த வார ஆபரேஷனைத் தள்ளி வையுங்கள். மற்றதையெல்லாம் பொறுமையாகப் பேசலாம், இது மட்டும் இன்றைக்கே முடிவாக வேண்டிய விஷயம்.

நான் உங்களை நேரில் பார்க்கவில்லை, கட்டியின் துண்டைச் சீவி ஒட்டிய கண்ணாடியான ஸ்லைடையும் பார்க்கவில்லை. அதனால் உங்களுக்கு இன்ன சிகிச்சைதான் என்று இங்கே எழுத முடியாது. ஆனால் எந்த வரிசையில் எதைச் செய்வது என்பதை எழுத முடியும். இந்த நோயில் பாதி விஷயம் அந்த வரிசைதான். அடுத்து உங்கள் காலைத் தொடுபவர், தொடுவதற்கு முன்பே எம்.ஆர்.ஐ., நெஞ்சு சி.டி., மறுபடி படிக்கப்பட்ட ஸ்லைடு மூன்றையும் கையில் வைத்துக்கொண்டு, ரேடியேஷன் மருத்துவரோடும் கீமோ மருத்துவரோடும் உட்கார்ந்து பேசி முடித்தவராக இருக்க வேண்டும். இதற்கு மூன்று வாரம் போகிறதென்றால் அந்த மூன்று வாரத்தையும் சிகிச்சைக் கணக்கிலேயே வையுங்கள், தாமதக் கணக்கில் வைக்காதீர்கள். மூன்று மாதம் என்று யாராவது சொன்னால் அது வேறு கதை, அப்போது நானே உங்களை விரட்டுவேன்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்? பெரியவர்களுக்கு வரும் புற்றுநோய்களில் தசை, கொழுப்பு, நரம்பு மாதிரியான மென்திசுக்களில் வருபவை எல்லாம் சேர்த்தே சுமார் 1 சதவீதம்தான். அதற்குள்ளும் 70-க்கு மேல் வகைகள் உண்டு, உங்களுடைய சைனோவியல் சார்கோமா அதில் ஒன்று. வருடத்துக்கு லட்சம் பேரில் ஆறு பேருக்கும் குறைவாக வந்தால் அரிய புற்றுநோய் என்று ஐரோப்பாவில் வரையறுத்திருக்கிறார்கள், இது அந்த அளவை விடவும் வெகுவாகக் குறைந்தது. ஒரு நல்ல பொது அறுவை மருத்துவர் தன் வாழ்நாளில் ஒன்றிரண்டைப் பார்த்திருக்கலாம், பார்க்காமலும் இருக்கலாம். இதில் அவருடைய திறமையைக் குறை சொல்ல எதுவுமில்லை. பார்க்கக் கிடைக்காத நோயில் கை பழகாது, அவ்வளவுதான்.

பிரான்சில் சார்கோமாவுக்கென்று மையங்களை இணைத்து ஒரு வலையமைப்பு வைத்திருக்கிறார்கள். அங்கே 2010 முதல் 2014 வரை பதிவான 12,528 நோயாளிகளின் விவரத்தை 2017-ல் வெளியிட்டார்கள். முதல் சிகிச்சைக்கு முன்பே பல்துறைக் குழுவில் பேசப்பட்டவர்களுக்கு நோய் திரும்பி வருவது குறைவாக இருந்தது. இத்தனைக்கும் அப்படிப் பேசப்பட்டவர்கள் பாதிப் பேர்கூட இல்லை. ஆக, வசதியும் வலையமைப்பும் இருக்கிற நாட்டிலேயே உங்களுக்கு நடந்தது நிறையப் பேருக்கு நடக்கிறது.

அந்த இரண்டு வருடம்

இதைத் தனியாகச் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் மற்ற எதையும் உங்கள் காது வாங்காது.

தோலுக்கடியில் வரும் கட்டிகளில் சாதாரணமானவை நூறு என்றால் சார்கோமா ஒன்றுகூடத் தேறாது. 5 செ.மீ.க்கு மேல் இருந்தால், ஆழத்தில் இருந்தால், வளர்ந்துகொண்டே போனால், எடுத்த பிறகு மறுபடி வந்தால் சந்தேகப்பட வேண்டும் என்பதுதான் பொது விதி. சைனோவியல் சார்கோமா இந்த விதிக்குள் சரியாக அடங்காது. சின்னதாகவே இருக்கும், வருடக்கணக்கில் ஆமை வேகத்தில் வளரும், மூட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு நீர்க்கட்டி போலவே நடிக்கும். வருவதும் பெரும்பாலும் இளவயதில், யாருமே புற்றுநோயை நினைக்காத வயதில். இருபத்தொரு வயதில் தொடையில் ஒரு சின்னக் கட்டி இருந்து, வலியும் இல்லையென்றால் யார் ஓடிப்போய்க் காட்டுவார்கள்? மருத்துவரே கொழுப்புக் கட்டி என்று நினைத்ததை நீங்கள் புற்றுநோய் என்று கண்டுபிடித்திருக்க வேண்டும் என்று உங்களையே குற்றம் சாட்டுவது நியாயமில்லை. விழுந்ததால் வந்ததா, அடிபட்டதால் வந்ததா என்று அம்மா கேட்பதாக எழுதியிருந்தீர்கள். அடி பட்டு இது வருவதில்லை. அடி பட்ட இடத்தைத் தடவிப் பார்க்கும்போது ஏற்கெனவே இருந்த கட்டி கண்ணில் படும், பிறகு இரண்டையும் முடிச்சுப் போட்டுவிடுவோம். வழக்கமாகப் பரம்பரையாக வருவதும் இல்லை. உங்கள் தங்கைக்கு இதற்காக ஸ்கேன் எடுக்கத் தேவையில்லை.

சித்தப்பா சொல்வதில் எது சரி, எது தவறு

'கத்தி பட்டால் பரவும்' என்பதை நான் வாரத்துக்கு நாலு தடவையாவது கேட்கிறேன். முழுப் பொய் என்று தள்ளிவிட மாட்டேன், அதனால்தான் இந்தப் பேச்சு இவ்வளவு காலம் நீடிக்கிறது.

திட்டமிட்டுச் செய்யும் ஊசி பயாப்சியும், திட்டமிட்ட அறுவையும் புற்றுநோயைப் பரப்பிவிடுவதில்லை. அதற்குப் பயந்து கை வைக்காமல் விட்டால் உள்ளே இருக்கும் மிச்சம் வளரும், அதுதான் பரவ வழி. ஆனால் இன்னது என்று தெரியாமல், ஸ்கேன் பார்க்காமல் எடுக்கும்போது கட்டியின் மேலுறையை ஒட்டியே வெட்டி எடுப்பார்கள். சார்கோமா அந்த உறைக்கு வெளியேயும் கொஞ்சம் சிதறி இருக்கும். ஆபரேஷனில் கசிந்த ரத்தம் எவ்வளவு தூரம் ஓடியதோ அவ்வளவு தூரம் அந்த இடத்தைச் சந்தேகத்தோடு பார்க்க வேண்டியிருக்கும். இப்படி எடுத்தவர்களுக்கு மறுபடி ஆபரேஷன் செய்து பார்க்கும்போது மூன்றில் ஒருவர் முதல் பாதிக்கு மேற்பட்டோர் வரை மிச்சப் புற்றணுக்கள் இருந்ததாக வெவ்வேறு மையங்கள் எழுதியிருக்கின்றன. உங்கள் ரிப்போர்ட்டில் விளிம்பு வரை இருக்கிறது என்றே எழுதிவிட்டதால் மிச்சம் இருக்கிறது என்று வைத்துக்கொண்டுதான் திட்டம் போட வேண்டும்.

அமெரிக்க எலும்பு அறுவை மருத்துவர் ஹென்றி மேன்கின் 1996-ல் 597 நோயாளிகளின் பயாப்சிகளை ஆராய்ந்து எழுதினார். சிறப்பு மையத்துக்கு வெளியே செய்த பயாப்சிகளில் தவறும் சிக்கலும் 2 முதல் 12 மடங்கு வரை கூடுதல். அதே மாதிரி ஓர் ஆய்வை 1982-லேயே செய்து எச்சரித்திருந்தார், பதினான்கு வருடம் கழித்தும் நிலைமை பெரிதாக மாறவில்லை. சித்தப்பாவிடம் இதைச் சொல்லுங்கள்: கத்தி பட்டதில் தவறில்லை, திட்டம் இல்லாமல் பட்டதில்தான். அதையே அடுத்த வாரம் இன்னொரு முறை செய்ய வேண்டாம் என்றுதான் நானும் சொல்கிறேன். அந்த அளவில் அவரும் நானும் ஒரே கட்சி.

ரிப்போர்ட்டை மறுபடி படிக்கச் சொல்லுங்கள்

உங்கள் கட்டியிலிருந்து எடுத்த துண்டுகள் மெழுகில் பதித்த சின்னச் சின்னக் கட்டிகளாகப் பரிசோதனைக் கூடத்தில் இருக்கும். விரல் நுனி அளவுதான், மஞ்சள் கலந்த வெள்ளையில், ஒரு பிளாஸ்டிக் சட்டத்துக்குள். அதற்குப் பெயர் பிளாக். அதிலிருந்து முடியை விட மெல்லியதாகச் சீவி, கண்ணாடியில் ஒட்டிச் சாயம் போட்டால் ஸ்லைடு. எல்லோரும் ஸ்லைடை மட்டும் வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள், அங்கே போன பிறகு பிளாக் எங்கே என்று கேட்பார்கள். மறுபடி சீவிப் புதிய டெஸ்ட் செய்ய பிளாக்தான் வேண்டும். இரண்டையும் கேளுங்கள். அது உங்கள் உடம்பிலிருந்து எடுத்தது, சிகிச்சைக்காகக் கேட்டால் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுப்பார்கள். பெரும்பாலான இடங்களில் இதற்கு எழுத்தில் ஒரு விண்ணப்பமும் அடையாள அட்டையும் போதும். சில கூடங்கள் ஒரு பிளாக்கைத் தங்களிடம் வைத்துக்கொண்டு மீதியைத் தரும், அதுவும் சரிதான்.

ஏற்கெனவே ஒருவர் பார்த்துச் சொன்னதை எதற்கு மறுபடி பார்க்க வேண்டும் என்று நினைக்கலாம். 2012-ல் பிரான்சிலும் இத்தாலியிலுமாக மூன்று பகுதிகளில் 1,400-க்கு மேற்பட்ட நோயாளிகளின் ஸ்லைடுகளைச் சார்கோமா நிபுணர்கள் மறுபடி படித்தார்கள். முதல் ரிப்போர்ட்டும் இரண்டாவதும் முழுக்கப் பொருந்தியது 56 சதவீதத்தில் மட்டும். சுமார் 8 சதவீதத்தில் முடிவே தலைகீழ், அதாவது வேறு நோய், அல்லது சார்கோமாவே இல்லை. மீதிப் பேருக்கு வகையிலோ தரத்திலோ வித்தியாசம். அந்த வித்தியாசத்தால் சிகிச்சையும் மாறலாம்.

உங்கள் விஷயத்தில் ஒரு நல்ல வசதி உண்டு. சைனோவியல் சார்கோமாவில் எக்ஸ் குரோமோசோமும் 18-ஆம் குரோமோசோமும் துண்டுகளை மாற்றிக்கொண்டு, எஸ்.எஸ்.18 என்ற மரபணு எஸ்.எஸ்.எக்ஸ். என்ற மரபணுவோடு ஒட்டிப்போயிருக்கும். 95 சதவீதத்துக்கும் மேலானவர்களுக்கு இந்த ஒட்டு இருக்கும், இதைக் கண்டுபிடிக்க டெஸ்ட் உண்டு. உங்கள் ரிப்போர்ட்டில் அந்த டெஸ்ட் செய்ததாக ஒரு வரிகூட இல்லை. சாயம் போட்டுப் பார்த்து 'பொருந்துகிறது' என்று மட்டும் எழுதியிருக்கிறார்கள். ஆகவே கீமோ பற்றிய பேச்சுக்கு முன்னால் இது முடிய வேண்டும்.

இன்னொரு காகிதமும் வேண்டும், அதை யாரும் கேட்பதில்லை: ஆபரேஷன் குறிப்பு. கட்டியை முழுதாக எடுத்தார்களா, துண்டு துண்டாகவா, தசை மேலிருக்கும் உறையைத் திறந்தார்களா, வடிகுழாய் வைத்தார்களா, வைத்திருந்தால் எந்த ஓட்டை வழியாக வந்தது என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். அடுத்து செய்பவருக்கு அதுதான் வரைபடம். உங்கள் மருத்துவர் நினைவில் இருப்பதை இப்போதே ஒரு பக்கம் எழுதித் தந்தால் கூடப் போதும்.

அடுத்த ஆபரேஷனும் காலும்

அடுத்த ஆபரேஷன் என்பது 'சுத்தம் செய்வது' கிடையாது. பழைய தழும்பு, அதன் கீழே கட்டி இருந்த இடம், வடிகுழாய் வந்த ஓட்டை, இவற்றைச் சுற்றிக் கொஞ்சம் நல்ல திசு, எல்லாவற்றையும் ஒரே துண்டாக, இடையில் எங்கேயும் உள்ளே வெட்டாமல் எடுப்பார்கள். தழும்பு காலின் நீளவாக்கில் இருந்தால் இது சுலபம், குறுக்கே இருந்தால் எடுக்க வேண்டிய தோல் கூடும், வேறு இடத்திலிருந்து சதையும் தோலும் கொண்டுவந்து மூட வேண்டி வரலாம். உங்கள் தழும்பு குறுக்கே இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அதனால் பிளாஸ்டிக் சர்ஜரி மருத்துவரும் அதே குழுவில் இருக்கும் இடமாகப் பாருங்கள். முழங்காலுக்குப் பின்னால் பெரிய ரத்தக் குழாயும் நரம்பும் போகிற இடம் வேறு.

காலை எடுப்பது பற்றி. கை கால் சார்கோமாவுக்கு ஒரு காலத்தில் அதுதான் சிகிச்சை. 1982-ல் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில் ஸ்டீவன் ரோசன்பெர்க் குழுவினர் 43 பேரை இரண்டாகப் பிரித்து, சிலருக்குக் காலையோ கையையோ அகற்றியும், மற்றவர்களுக்கு அதைக் காப்பாற்றிக் கட்டியை மட்டும் எடுத்து ரேடியேஷன் கொடுத்தும் ஒப்பிட்டார்கள். உயிர் பிழைப்பதில் வித்தியாசம் தெரியவில்லை. சின்ன ஆய்வுதான், ஆனால் நடைமுறையே அதற்குப் பிறகு மாறிப்போனது. இன்று சிறப்பு மையங்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் கை கால் காப்பாற்றப்படுகிறது. 4 செ.மீ. கட்டிக்குக் காலை இழக்க வேண்டியிருக்கும் என்ற பயத்தோடு தூங்காமல் இருக்காதீர்கள்.

ரேடியேஷன் தேவைப்பட்டால் ஆபரேஷனுக்கு முன்பா பின்பா என்று ஒரு கேள்வி வரும். முன்பு கொடுத்தால் அளவு குறைவு, வழக்கமாக 5 வாரத்தில் 50 கிரே (கிரே என்பது ரேடியேஷனை அளக்கும் அலகு), காலம் போன பிறகு கால் இறுகிப் போவதும் குறைவு. ஆனால் புண் ஆறுவதில் சிக்கல் கூடும்: 2002-ல் வந்த கனடிய ஆய்வில் முன்பு கொடுத்தவர்களில் 35 சதவீதத்தினருக்கும் பின்பு கொடுத்தவர்களில் 17 சதவீதத்தினருக்கும் அந்தச் சிக்கல் வந்தது. புண் ஆறிவிடும், இறுகிய கால் வாழ்நாளுக்கும் இருக்கும். இருபத்து மூன்று வயதுக்காரருக்கு நான் எந்தப் பக்கம் சாய்வேன் என்று இதிலிருந்தே தெரிந்திருக்கும், ஆனாலும் தழும்பின் நிலையைப் பார்த்துக் குழு சொல்வதுதான் முடிவு.

அதுவரை அந்த இடத்தை எண்ணெய் போட்டு அழுத்தித் தேய்க்க வேண்டாம். உள்ளே நீர் கோத்தால் போகிற இடத்திலெல்லாம் ஊசி போட்டு உறிஞ்ச விடாதீர்கள். காய்ச்சல், சிவப்பு, சீழ் என்றால் மட்டும் காத்திருக்காமல் கட்டியை எடுத்த மருத்துவரிடமே உடனே போங்கள்.

கீமோ, குழந்தை, அப்புறம் அந்த 'செல் சிகிச்சை'

கீமோ உங்களுக்குத் தேவைப்படாமலே போகலாம். தெரிந்தவர்கள் எல்லோரும் முதலில் அதைத்தான் பேசுவார்கள், அதனால் இதைச் சொல்கிறேன். சைனோவியல் சார்கோமா மற்ற சார்கோமாக்களை விடக் கீமோவுக்குக் கொஞ்சம் நன்றாகவே கேட்கும், டாக்சோரூபிசினும் ஐஃபாஸ்ஃபமைடும்தான் முக்கிய மருந்துகள். ஆனால் 5 செ.மீ.க்குள் இருந்து, பரவாமல், நல்ல விளிம்போடு முழுக்க எடுக்கப்பட்ட இளையவர்களில் அறுவை மட்டும் செய்து பார்த்த ஆய்வுகளில் பலன் நன்றாகவே இருந்திருக்கிறது. உங்களுக்கு முதல் ஆபரேஷன் அப்படி அமையவில்லை, ஆகவே இரண்டாவதைப் பொறுத்துத்தான் சொல்ல முடியும்.

உங்கள் வயதில் ஒரு தனிச் சிக்கலும் உண்டு. 15 முதல் 39 வயது வரையானவர்களை இப்போது தனிப் பிரிவாகப் பார்க்கிறார்கள். குழந்தைகள் புற்றுநோய் மருத்துவர்கள் இந்த நோய்க்குக் கீமோவை அதிகம் நம்பியவர்கள், பெரியவர்களுக்குப் பார்ப்பவர்கள் அவ்வளவு நம்பாதவர்கள். 17 வயதில் ஒரு கதவு வழியாகப் போனால் ஒரு சிகிச்சை, 27 வயதில் வேறு கதவு வழியாகப் போனால் வேறு சிகிச்சை என்று ரொம்ப நாள் இருந்தது. நீங்கள் இரண்டு கதவுக்கும் நடுவே நிற்கிறீர்கள். குழுவில் குழந்தைகள் பிரிவின் கருத்தையும் கேட்டீர்களா என்று தயங்காமல் கேளுங்கள்.

கீமோ கொடுப்பதாக முடிவானால், முதல் மருந்து ஏறுவதற்கு முன்பே கருத்தரிப்பு மருத்துவரைப் பார்க்க வேண்டும். ஐஃபாஸ்ஃபமைடு சூலகத்தைப் பாதிக்கக் கூடியது. எல்லோருக்கும் குழந்தைப்பேறு போய்விடும் என்றில்லை, இளவயதில் நிறையப் பேருக்கு மாதவிடாய் திரும்ப வரும், ஆனாலும் கருமுட்டைக் கையிருப்பு குறையும். கருமுட்டைகளைத் தூண்டி எடுத்து உறைய வைக்க ஏறத்தாழ இரண்டு வாரம் போதும். ஸ்லைடு மறுபடி படிக்கப்படும் அந்த இரண்டு மூன்று வாரத்திலேயே இதையும் முடித்துவிடலாம். மணமாகாத பெண்ணிடம் இதை எப்படிப் பேசுவது என்று சில மருத்துவர்கள் தாண்டிப் போய்விடுகிறார்கள், பெற்றோர் முன்னால் கேட்க நோயாளிக்கும் கூச்சம். நீங்களே கேட்டுவிடுங்கள், தேவைப்பட்டால் அப்பாவை ஐந்து நிமிடம் வெளியே இருக்கச் சொல்லுங்கள். டாக்சோரூபிசின் தொடங்கும் முன் இதயத்துக்கு எக்கோ ஸ்கேனும் எடுக்க வேண்டும்.

உறவினர் அனுப்பிய செய்தியில் இருப்பது அஃபாமி-செல். நோயாளியின் ரத்தத்திலிருந்து டி-செல்கள் என்ற நோய் எதிர்ப்புச் செல்களை எடுத்து, புற்றணுவை அடையாளம் காணும்படி மாற்றி, திருப்பிச் செலுத்துவது. அமெரிக்காவில் 2024 ஆகஸ்டில் அனுமதி கிடைத்தது உண்மைதான். அந்த அனுமதிக்கு ஆதாரமாக இருந்த 44 பேரில் சுமார் 43 சதவீதத்தினருக்குக் கட்டி சுருங்கியது. ஆனால் அது அறுவையால் எடுக்க முடியாத அல்லது பரவிய நோய்க்கு, கீமோ ஏற்கெனவே கொடுத்தவர்களுக்கு, அதிலும் குறிப்பிட்ட திசு வகையும் கட்டியில் குறிப்பிட்ட புரதமும் இருப்பவர்களுக்கு மட்டும். இப்போதைக்கு உங்களுக்கு இது தேவையில்லை. பிளாக்கைப் பத்திரமாக வைத்திருங்கள், என்றாவது தேவைப்பட்டால் அதிலிருந்தே டெஸ்ட் செய்யலாம்.

தூரமும் வேலையும்

சிறப்பு மையம் என்றால் எல்லாமே அங்கேதான் என்று நினைத்துவிடாதீர்கள். ஸ்லைடையும் ஸ்கேனையும் முதலில் அனுப்பி, குழுவில் பேசிவிட்டு, பிறகு உங்களை வரச் சொல்லும் இடங்கள் உண்டு. தேதி கேட்கும்போதே அப்படி முடியுமா என்று கேளுங்கள். எம்.ஆர்.ஐ.யையும் சி.டி.யையும் வீட்டுப் பக்கத்திலேயே எடுக்கலாம், ஆனால் எம்.ஆர்.ஐ.யை எந்த முறையில் எடுக்க வேண்டும் என்று அவர்களிடம் கேட்டுக்கொண்டு எடுங்கள், அங்கே போய் மறுபடி எடுக்கச் சொன்னால் பணமும் போய் நாளும் போகும். இந்த நோய் பரவினால் முதலில் நுரையீரலுக்குத்தான் போகும், அதனால் நெஞ்சு சி.டி.யைத் தவிர்க்க முடியாது. ஆபரேஷன் மட்டும் அவர்கள் கையில் நடக்க வேண்டும் என்பதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். ரேடியேஷனையும் கீமோவையும் அவர்கள் எழுதிக் கொடுத்த திட்டப்படி பக்கத்தில் உள்ள நல்ல மருத்துவமனையில் செய்துகொள்ள வழி இருக்கிறதா என்று பேசலாம்.

பெரிய புற்றுநோய் மருத்துவமனை என்பதாலேயே அங்கே சார்கோமா குழு இருக்கும் என்று அர்த்தமில்லை. வருடத்துக்கு எத்தனை சார்கோமா பார்க்கிறீர்கள், சார்கோமாவுக்கென்று வாராந்திரக் கூட்டம் உண்டா, ஸ்லைடைப் படிப்பவர் இதையே வழக்கமாகப் படிப்பவரா என்று கேளுங்கள். கோபப்படாமல் பதில் சொல்லும் இடம் நல்ல இடம்.

வேலையைப் பற்றி உங்கள் பயம் நியாயமானது. நிறுவனத்துக்கு நோயின் பெயரைச் சொல்ல வேண்டிய அவசியம் பொதுவாக இல்லை. 'அறுவை சிகிச்சை, இத்தனை வாரம் ஓய்வு' என்று மருத்துவச் சான்று போதும். ஆனால் நிறுவனத்தின் மருத்துவக் காப்பீட்டில்தான் சிகிச்சை என்றால் ராஜினாமா கடிதம் எதையும் அவசரத்தில் கொடுத்துவிடாதீர்கள். உடம்பு முக்கியம், வேலையை விடு என்று வீட்டில் சொல்வார்கள், அந்த வேலையோடு காப்பீடும் போய்விடும் என்பது அவர்களுக்குத் தோன்றாது. வேறு ஊரில் சிகிச்சை எடுத்தால் காப்பீடு எப்படி வேலை செய்யும் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

இன்னொன்று. உங்களுக்கு 23 வயது. ரிப்போர்ட்டை முதலில் அப்பாவிடம் தனியாகச் சொன்னார்கள், உங்களுக்கு இரண்டு நாள் கழித்துத்தான் தெரிந்தது என்று எழுதியிருந்தீர்கள். அன்பினால் செய்ததுதான், சண்டை போட வேண்டாம். ஆனால் நீங்கள் வயதுவந்தவர், ஒப்புதல் கையெழுத்து உங்களுடையது. அடுத்த மையத்தில் முதல் நாளே 'எதுவானாலும் என்னிடம் நேராகச் சொல்லுங்கள், அப்பாவும் கூட இருக்கட்டும்' என்று சொல்லிவிடுங்கள். சொன்னால் கேட்பார்கள்.

இந்த நோய் ஐந்து வருடம், பத்து வருடம் கழித்துக் கூடத் திரும்பி வருவது உண்டு, ஆகவே பரிசோதனைக்கு நீண்ட காலம் போய்க்கொண்டுதான் இருக்க வேண்டும். இதைச் சொல்லிப் பயமுறுத்தவில்லை. 5 செ.மீ.க்குள், காலில், பரவாமல் இருக்கும் நிலையில் பிடிபட்டவர்களில் பெரும்பாலானவர்கள் நன்றாக இருக்கிறார்கள். உங்கள் ஸ்கேன்கள் அதைத்தான் காட்டும் என்று எதிர்பார்க்கிறேன், ஆனால் பார்க்காமல் உறுதி சொல்ல முடியாது.

உங்கள் மருத்துவரிடம் என்ன சொல்வது

அவரைக் கோபப்படுத்திவிடுவோமோ என்று நாலு இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். அவர் எடுத்த கட்டியைப் பயாப்சிக்கு அனுப்பினார் என்பதை மறக்காதீர்கள், கொழுப்புக் கட்டிதானே என்று குப்பையில் போடுபவர்களும் உண்டு. நேரில் போய் இப்படிச் சொல்லுங்கள்: "டாக்டர், இது அரிதான நோய் என்பதால் சார்கோமா பார்க்கும் இடத்தில் ஒரு தடவை காட்டிவிட்டு வருகிறோம். அடுத்த வாரத் தேதி வேண்டாம். ஆபரேஷன் குறிப்பும், ஸ்லைடும் பிளாக்கும் வாங்க ஒரு கடிதமும் தாருங்கள். பிறகு பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ள உங்கள் உதவி வேண்டியிருக்கும்." பெரும்பாலானவர்கள் நிம்மதியாகத்தான் தருவார்கள். தர மறுத்தால் மருத்துவமனையின் ஆவணப் பிரிவில் எழுத்தில் விண்ணப்பித்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்குங்கள். பயாப்சி ரிப்போர்ட்டில் உங்கள் மாதிரிக்கு ஓர் எண் போட்டிருப்பார்கள், போகும்போது அதைக் குறித்துக்கொண்டு போங்கள், பரிசோதனைக் கூடத்தில் உங்கள் பெயரை விட அந்த எண்ணைச் சொன்னால்தான் சீக்கிரம் தேடி எடுப்பார்கள்.